கீழ் கோத்தகிரியும் எட்டாவது பிட்டும்

நேயர்களுக்கு வணக்கம். கோத்தகிரிப் பக்கம் தேயிலைச் சரிவில் காட்டுமாடு ஏறி வரும்போதெல்லாம் எனக்குக் ‘குன்றேறாமா’ என்ற பழைய இலக்கண எடுத்துக்காட்டு நினைவுக்கு வரும். குன்று ஏறு ஆமா என்று பிரித்தால் மலையேறுகிற காட்டுமாடு. குன்று ஏறா மா என்றால் மலையேறாத விலங்கு. எழுத்தெல்லாம் அதேதான், வெட்டுகிற இடம்தான் வேறு.

கணினியில் நாம் தட்டும் கட்டளையைச் சொல் சொல்லாக வெட்டிப் புரிந்துகொள்ளும் நிரலுக்கு ஷெல் என்று பெயர். எங்கள் பகுதி மழைக் கணக்கைப் பராமரிக்க, சி என்ற நிரல் மொழியில் சின்னதாக ஒரு ஷெல் எழுதினேன். ஊருக்கு ஒரு ஃபோல்டர். ஒருநாள் ‘கீழ் கோத்தகிரி’ என்ற பழைய ஃபோல்டரை அழிக்கச் சொன்னேன். பெயரில் இடைவெளி இருப்பதால் மேற்கோள் குறிக்குள்தான் கொடுத்தேன். என் ஷெல்லோ முதலில் குறியைக் கழற்றிவிட்டு, பிறகு இடைவெளியில் வெட்டியது. ‘கீழ்’ என்று ஒன்றைத் தேடிப் பார்த்துக் கிடைக்காமல், அடுத்ததாகக் ‘கோத்தகிரி’யை அழித்துவிட்டது. மழைமானி அளவைத் தினமும் நோட்டில் எழுதி வந்ததால் கணக்கு தொலையாமல் தப்பியது.

திருத்தத்துக்கு ஒரு பழைய வழியைப் பிடித்தேன். 1979இல் யூனிக்ஸ் இயங்குதளத்தின் ஏழாம் பதிப்போடு வந்த போர்ன் ஷெல்லின் வழி அது. பிட் என்பது 0 அல்லது 1, எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆங்கில எழுத்துக்கு ஏழு பிட் போதும், பைட்டில் எட்டாவது பிட் காலி. மேற்கோளுக்குள் வரும் எழுத்துக்கு அந்தப் பிட்டைப் போட்டு அடையாளம் வைப்பார்கள். வெட்டி முடிந்ததும் எடுத்துவிடுவார்கள். ஆங்கிலப் பெயர்களை வைத்துச் சோதித்தேன், சரியாக ஓடியது. தமிழ்ப் பெயர் ஒன்றுகூடத் திறக்கவில்லை.

எல்லா மொழி எழுத்துகளையும் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் ‘க’வுக்கு மூன்று பைட், அதன் மேல் ஏறும் ஈகாரக் குறிக்கு இன்னொரு மூன்று. எல்லாவற்றிலும் எட்டாவது பிட் அந்த எழுத்துக்கே சொந்தம். அடையாளத்தை எடுக்கும்போது என் ஷெல் அதையும் எடுத்துவிட்டது. ஈகாரக் குறியின் எண்கள் 224, 175, 128. எட்டாவது பிட்டின் மதிப்பான 128ஐக் கழித்துப் பாருங்கள்: 96, 47, 0. இதில் 47 என்பது ஃபோல்டர்களைப் பிரிக்கும் சாய்கோடு. 0 வந்தால் சி மொழிக்குச் சொல் முடிந்தது என்று பொருள். ‘கீழ்’ என்ற சொல் ழகரத்தைத் தொடும் முன்பே அறுந்துபோயிருந்தது.

அந்த நாளில் நினைவகம் அவ்வளவு குறைவு. காலியாகக் கிடந்த பிட்டைப் பயன்படுத்தியவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அது காலி இடம் என்று நினைத்ததில் நம் எழுத்துக்கு இடமில்லாமல் போனது. அது எனக்கு வலித்தது, இன்றும் வலிக்கிறது.

இப்போது எழுத்தைத் தொடுவதே இல்லை. சொல்லுக்குப் பக்கத்தில் அதே நீளத்துக்கு இன்னொரு வரிசை வைத்திருக்கிறேன். எந்த பைட் மேற்கோளுக்குள் வந்தது என்று அதில் மட்டும் குறிக்கிறேன். குறி இல்லாத இடைவெளியில்தான் வெட்டு விழும். நிரலில் எதை மாற்றினாலும் முதலில் ஓடும் சோதனை ‘கீழ் கோத்தகிரி’தான்; அதன் பக்கத்திலேயே ‘கோத்தகிரி’ என்ற ஃபோல்டரும் இருக்கும், அழியாமல் இருக்கிறதா என்று பார்க்க.