கம்பைலருக்கும் உறைமோர் வேண்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டில் பாலுக்கு உறை ஊற்றியவர்களுக்கு இது தெரியும். பால் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் நேற்றைய தயிர் ஒரு கரண்டியாவது வேண்டும், இல்லாவிட்டால் இன்றைக்குத் தயிர் கிடையாது. அந்த நேற்றைய தயிருக்கு முந்தாநாள் தயிர் வேண்டியிருந்தது. கம்ப்யூட்டரில் நிரல்களை இயந்திர மொழிக்கு மாற்றித் தரும் கம்பைலரும் அப்படித்தான். கம்பைலரே ஒரு நிரல்தான், அதனால் அதைக் கம்பைல் செய்ய ஏற்கெனவே ஒரு கம்பைலர் கையில் இருக்க வேண்டும். இன்று நான் பேச வந்தது அந்த உறைமோரைப் பற்றி.

என்னிடம் ஓர் ஐபுக் ஜி4 இருக்கிறது, ஆப்பிளின் பழைய மடிக்கணினி. 12 அங்குலத் திரை, 1.33 கிகாஹெர்ட்ஸ் வேகம். பழைய பொருள் கடையில் வாங்கி, நினைவகத்தை ஒன்றரை ஜிபி ஆக்கினேன். அதற்கு மேல் அதில் போட இடமில்லை. இந்த மாடல் 2005இல் வந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் ஆப்பிளின் இயங்குதளமான மேக் ஓஎஸ் எக்ஸ் 10.4, அதாவது டைகர், வெளியானது. இரண்டே மாதத்தில், பவர்பிசி சில்லுகளை விட்டு இன்டெலுக்கு மாறப்போவதாக ஆப்பிள் அறிவித்தது. 2007இல் வந்த லெப்பர்டுதான் பவர்பிசியில் ஓடும் கடைசி மேக் ஓஎஸ். 2009இல் வந்த ஸ்னோ லெப்பர்டை இந்த ஐபுக்கில் ஏற்ற முடியாது. நான் டைகரையே வைத்திருக்கிறேன், இந்த மெஷினுக்கு அது பாரமாக இல்லை.

என் ஆசை சின்னது. நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்க நிரலாளர்கள் அன்றாடம் பயன்படுத்தும் கிட் என்ற கருவி இதில் ஓட வேண்டும். பழைய பதிப்பு இல்லை, அண்மைக்காலப் பதிப்பு. கிட் திறந்த மூலம், பெரும்பகுதி சி மொழியில் எழுதப்பட்டது. சோர்ஸை, அதாவது மூல நிரலை, இறக்கி make என்ற கட்டளையைத் தட்டினால் முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

இறக்குவதிலேயே நின்றுவிட்டது. இணையத் தொடர்பைப் பாதுகாப்பாக்கும் நிரல் தொகுப்பு ஓப்பன்எஸ்எஸ்எல், டைகரோடு வருவது அதன் 0.9.7 பதிப்பு. இன்றைய இணையதளங்கள் எதிர்பார்க்கும் டிஎல்எஸ் 1.2 என்ற பாதுகாப்பு முறை, ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்கு வந்ததே 2012இல், 1.0.1 பதிப்பில். திறந்த மூல நிரல்கள் பலவும் இருக்கும் கிட்ஹப் தளம் 2018 பிப்ரவரியிலேயே பழைய டிஎல்எஸ் வகைகளை நிறுத்திவிட்டது. பாதுகாப்பு கருதிச் செய்தது, சரிதான். ஆனால் சோர்ஸ் எல்லோருக்கும் திறந்திருக்கிறது என்று சொல்லும் வாசலில் இந்த மெஷின் நுழையவே முடியவில்லை. ஒரு தளம் போலி அல்ல என்று காட்டும் சான்றிதழ்களிலும் இதே கதை. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு தரும் சான்றிதழ்கள் பல ஆண்டுகள் சார்ந்திருந்த மூலச் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானது. அதற்குப் பிந்தைய மூலச் சான்றிதழைப் பழைய மெஷின்களுக்கு நாமே கொண்டுவந்து கொடுக்க வேண்டும்.

சரி, புதிய ஓப்பன்எஸ்எஸ்எல்லை பில்ட் செய்யலாம், அதாவது சோர்ஸிலிருந்து ஓடும் நிரலாக ஆக்கலாம், என்றால் அதற்கு பெர்ல் என்ற மொழியின் 5.10 பதிப்பாவது வேண்டும். டைகரில் இருப்பது 5.8. ஆக முதலில் பெர்ல், அதன் மேல் ஓப்பன்எஸ்எஸ்எல், அதன் மேல் இணையத்திலிருந்து கோப்பு இறக்கும் கர்ல், அதற்கும் மேலேதான் கிட். தொடக்கத்தில் எல்லாவற்றையும் வேறொரு கம்ப்யூட்டரில் இறக்கி, பென் டிரைவில் போட்டு எடுத்துவந்தேன். பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி தயிர் கேட்டு வாங்குவது போலத்தான்.

இப்போது கம்பைலர். இதில்தான் எனக்கு மாதக்கணக்கில் மாலை நேரங்கள் போயின, இதைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

ஆப்பிளின் நிரலாக்கக் கருவித் தொகுப்பான எக்ஸ்கோட், டைகருக்குக் கடைசியாக வந்தது 2.5 பதிப்பு. அதிலுள்ள கம்பைலர் ஜிசிசி 4.0.1. ஜிசிசியின் 4.7 பதிப்பு வரை, அதை பில்ட் செய்ய சி கம்பைலர் ஒன்று இருந்தால் போதும். 2013இல் வந்த 4.8இலிருந்து சி பிளஸ் பிளஸ் கம்பைலர் வேண்டும். 2021இல் வந்த ஜிசிசி 11இலிருந்து, சி பிளஸ் பிளஸ் 11 என்ற தரத்தைப் புரிந்துகொள்ளும் கம்பைலரே வேண்டும். 4.0.1 பிறந்தபோது அந்தத் தரம் எழுதி முடிக்கப்படவே இல்லை. அதனால் 4.0.1ஐ வைத்து ஜிசிசி 11க்கு ஒரே தாவலில் போக வழியில்லை. நடுவில் 4.8 போல ஒன்றை பில்ட் செய்து, அதன் தோளில் ஏறித்தான் போக வேண்டும். கூடவே ஜிஎம்பி, எம்பிஎஃப்ஆர், எம்பிசி என்று மூன்று கணித நூலகங்கள். கம்பைலர் தருவதை ஓடும் நிரலாகக் கோர்க்கும் அசெம்பிளரும் லிங்கரும் பழையவை, புதிய கம்பைலர் எழுதித் தருவதில் சிலவற்றை அவை புரிந்துகொள்வதில்லை.

ஜிசிசி தன்னைத் தானே பில்ட் செய்துகொள்ளும் முறை எனக்கு மிகவும் பிடித்தது. மூன்று சுற்று நடக்கும். முதல் சுற்றில் பழைய கம்பைலர் புதிய ஜிசிசியைக் கம்பைல் செய்கிறது. இரண்டாவது சுற்றில், அப்படிப் பிறந்த ஜிசிசி அதே சோர்ஸை, அதாவது தன்னுடைய சோர்ஸையே, மறுபடி கம்பைல் செய்கிறது. மூன்றாவது சுற்றில் இரண்டாவது சுற்றில் பிறந்தது இன்னொரு முறை செய்கிறது. கடைசியில் இரண்டாவது, மூன்றாவது சுற்றுகளின் கோப்புகளை ஒப்பிட்டுப் பார்க்கும். இரண்டும் ஒத்திருக்க வேண்டும். ஒத்திருந்தால், பழைய கம்பைலரின் கைரேகை அதில் இல்லை என்று நம்பலாம். நேற்றைய தயிரின் புளிப்பு இன்றைய தயிருக்கு வராமல் பார்த்துக்கொள்கிற மாதிரி. இந்த மூன்று சுற்றும் முடிய என் ஐபுக்குக்கு ஒரு நாளைத் தாண்டிவிட்டது. இரவில் எழுந்து எழுந்து போய்த் திரையைப் பார்ப்பேன்.

இந்த ஏணியின் நடுப்படிகள் இன்றும் இருப்பதற்குக் காரணம், ஜிசிசியை உருவாக்கும் ஜிஎன்யூ திட்டம் தன் பழைய ஜிசிசி பதிப்புகளை அழிக்காமல் தளத்தில் வைத்திருப்பதுதான். 4.8 எங்கும் கிடைக்காது என்று ஆகியிருந்தால், 4.0.1க்கும் 11க்கும் இடையில் ஒரு பள்ளம்தான் இருந்திருக்கும். சோர்ஸ் திறந்திருந்தால் போதும் என்று பலரும் நினைக்கிறோம். போதாது. அந்த சோர்ஸை எதை வைத்து பில்ட் செய்ய முடியும், அதற்கு முந்தையதை எதை வைத்து என்ற தொடர்ச்சியும் அறாமல் இருக்க வேண்டும். பழைய பதிப்பு ஒன்றை சர்வரில் விட்டுவைப்பது சின்ன வேலையாகத் தெரியலாம். என்னைக் கேட்டால், திறந்த மூலத்தில் அதைவிடப் பெரிய கொடை குறைவு.

கம்பைலர் வந்துவிட்டது. அப்புறம் பார்த்தால், இயங்குதளத்தில் தயாராக இருக்கும் என்று நிரல் எதிர்பார்க்கும் ஃபங்ஷன்கள், அதாவது சிறு நிரல்துண்டுகள், இல்லை. கெட்லைன், எஸ்டிஆர்என்லென் போன்றவை மேக்குக்கு வந்தது 2011இன் லயன் பதிப்பில். நேரத்தைக் கேட்கும் கிளாக் கெட்டைம் வந்தது 2016இல், சியெராவில். இவற்றை நாமே எழுதிச் சேர்க்க வேண்டும். மேக்குக்குத் திறந்த மூலக் கருவிகளைக் கொண்டுவரும் மேக்போர்ட்ஸ் திட்டத்தினர் இப்படி விடுபட்டவற்றை எழுதி, லெகசி சப்போர்ட் என்ற நூலகமாகத் திரட்டியிருக்கிறார்கள். அதை இணைத்தால் பல கருவிகள் ஒரு வரிகூடத் திருத்தாமல் பில்ட் ஆகின்றன. மிஸ்டி டி மியோ தொடங்கிய டைகர்புரூவும் டைகர், லெப்பர்டுக்கென்றே, மேக்கில் கருவிகளை நிறுவித் தரும் ஹோம்புரூவிலிருந்து கிளைத்தது. இந்த இரண்டும் இல்லாமல் நான் ஒரு வாரத்தில் கைவிட்டிருப்பேன்.

கிட்டின் பில்ட் கோப்புகளில் ஒரு வரி பார்த்தேன், இன்னும் மறக்கவில்லை. பழைய மேக் பதிப்புகளுக்கான பகுதியில், எழுத்துக் குறியாக்கத்தை மாற்றும் ஐகான்வ் நூலகத்தின் பழைய வடிவம் இருக்கிறதா என்ற கேள்விக்கு நேராக "அன்ஃபார்ச்சுனேட்லி யெஸ்" என்று எழுதியிருக்கிறது. துரதிருஷ்டவசமாக ஆம். பழைய ஐகான்வ் ஃபங்ஷனின் ஓர் அளபுருவில் கான்ஸ்ட் என்ற ஒரு சொல் வித்தியாசம், அவ்வளவுதான். யாரோ ஒருவர் அதை விசாரித்து, எந்தெந்தப் பதிப்புக்கு என்று எண் போட்டு, பின்னால் வருபவர்களுக்காக எழுதிவைத்திருக்கிறார். டைகரின் எண் அந்தப் பட்டியலில் இருந்தது.

இதெல்லாம் பழைய மெஷின்காரர்களுக்கு மட்டும்தானே என்று கேட்கலாம். அப்படி இல்லை. பவர்பிசி மேக், ஓர் எண்ணைப் பெரிய பகுதியை முன்னால் வைத்து நினைவகத்தில் எழுதும். இன்டெல் சில்லு சிறியதை முன்னால் வைக்கும். ஒருவர் தேதியை ஆண்டு, மாதம், நாள் என்று எழுத, மற்றவர் நாள், மாதம், ஆண்டு என்று படித்தால் என்ன ஆகும்? அதுதான் ஆனது. ஒரு சிறிய கருவியின் சோதனைகளில் இரண்டு மட்டும் என் ஐபுக்கில் தோற்றன. கோப்பிலுள்ள நான்கு பைட்டை அப்படியே ஓர் எண்ணாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். தவறு எல்லா மெஷினிலும் இருந்தது, மற்ற மெஷின்களில் வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான். நான்கு வரித் திருத்தம் அனுப்பினேன், சேர்த்துக்கொண்டார்கள்.

எனக்கு இருக்கும் கவலை ரஸ்ட் மொழி பற்றியது. மொழியைக் குறை சொல்லவில்லை, நினைவகப் பிழைகளைத் தடுப்பதில் அது சிறந்தது. ஆனால் ரஸ்ட் கம்பைலர் ரஸ்டிலேயே எழுதப்பட்டது. ஒவ்வொரு பதிப்பையும் அதற்கு முந்தைய பதிப்பால் பில்ட் செய்ய வேண்டும், ஆறு வாரத்துக்கு ஒரு பதிப்பு வருகிறது. இயந்திர மொழியை எழுதித் தர அது சார்ந்திருக்கும் எல்எல்விஎம் என்ற திட்டம், பவர்பிசி மேக்குக்கான ஆதரவை நீக்கிவிட்டது. கருவிகள் ஒவ்வொன்றாக ரஸ்டைக் கட்டாயமாக்கும்போது, உறைமோர் தீர்ந்த வீடாகிவிடும் இந்த ஐபுக். சி பிளஸ் பிளஸில் தனியாக ஒரு ரஸ்ட் கம்பைலர் எழுதி அந்தச் சங்கிலியைக் குறுக்குவழியில் தொடங்கப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். கருவி எழுதும் இளைஞர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் ஒன்று சொல்வேன்: உங்கள் நிரலை பில்ட் செய்யக் குறைந்தபட்சம் எந்தக் கம்பைலரின் எந்தப் பதிப்பு போதும் என்று ரீட்மீ கோப்பில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

கிட் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பில்ட் ஆனது. அதில் நான் போட்ட முதல் கமிட், அதாவது முதல் பதிவு, எதற்குப் பிறகு எதை, எந்தப் பதிப்பை பில்ட் செய்தேன் என்ற பட்டியல். பெர்லில் தொடங்கி நாற்பத்தோரு வரி.

நன்றி, வணக்கம்.