கோவை ஓடுபாதை நீள்கிறது, குன்னூர் மலைப்பாதை தாங்குமா?

(காட்சி: கோவை விமான நிலையம், வானிலிருந்து)

கோவை விமான நிலையத்தின் ஓடுபாதை இப்போது 2,990 மீட்டர். விரிவாக்கத் திட்டப்படி அது 3,810 மீட்டராக நீள வேண்டும். அப்போது தொலைதூரம் போகும் பெரிய விமானங்கள் முழு எரிபொருளோடு இங்கிருந்தே கிளம்பலாம். வந்து இறங்குகிறவர்களில் பலர் நேரே நீலகிரிக்குத்தான் வருவார்கள். மேட்டுப்பாளையம் வரை சமவெளி. சாலையை அகலப்படுத்தலாம், மேம்பாலம் கட்டலாம். கல்லாறு தாண்டினால் அந்தக் கணக்கு செல்லாது.

(காட்சி: பர்லியாறு அருகே கொண்டை ஊசி வளைவு)

குன்னூர் வரை 14 கொண்டை ஊசி வளைவுகள். இங்கே சாலையை அகலப்படுத்துவது என்றால் மலைச்சரிவின் அடியை வெட்டுவது. மேலே நிற்கும் மண்ணுக்கு அந்த அடிதான் முட்டு. மழைநீர் ஊறினால் மண்ணின் எடை கூடும், பிடிமானம் குறையும். முட்டும் போனால் சரிவு நிற்காது. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியது. அந்த மழையில் நீலகிரியில் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அதை மறந்துவிட்டு யாரும் இங்கே சாலை போடக்கூடாது.

(காட்சி: தடுப்புச்சுவர், மிக அருகில்)

சுவரில் வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும் இந்தச் சிறு குழாய்களைப் பாருங்கள். சுவருக்குப் பின்னால் தேங்கும் நீருக்கு இவைதான் வாசல். நல்ல மழைக்கு மறுநாள் எல்லாமே சொட்ட வேண்டும். இங்கே மூன்று சொட்டுகின்றன. நான்காவதில் களிமண் அடைத்துப் புல்லே முளைத்துவிட்டது. வெளியேற முடியாத நீர் சுவரைத்தான் தள்ளும். பக்கக் கால்வாயில் பிளாஸ்டிக் பாட்டில் அடைத்தாலும் இதே கதிதான்: நீர் தார் மீது ஏறி, பள்ளத்துப் பக்க விளிம்பை அரித்துவிடும்.

ஆகவே மலைப்பாதையைப் புதுப்பிப்பது என்றால் முதலில் நீரின் வழியைச் சீர்செய்வது. கால்வாய், சிறுபாலம், சுவர்க் குழாய், தார் கடைசியில். சரிவுக்குள் இரும்புக் கம்பிகளைச் செலுத்தி, வலை விரித்து, புல் வளர்த்து மண்ணை இறுக்கும் முறையும் நீலகிரியில் வந்துவிட்டது.

வண்டிகளுக்கும் வரம்பு உண்டு. 2025 கோடையில் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 சுற்றுலா வாகனங்கள்தான் அனுமதிக்கப்பட்டன. விமானத்தில் வருகிறவர்களுக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து கூடுதல் பஸ் விடுவதே சரியான வழி.

(காட்சி: திரையில் 1077)

மலைப்பாதையில் சுவர் புடைத்திருந்தாலோ, சாலை விளிம்பில் புது விரிசல் தெரிந்தாலோ, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077-இல் சொல்லுங்கள். அருகிலுள்ள கிலோமீட்டர் கல்லின் எண்ணையும் சேர்த்துச் சொன்னால் ஆட்கள் விரைவில் வந்து சேர முடியும்.