எம்டனுக்கு வெள்ளையா, சாம்பலா? கயிறுக்குத் தலைமுடி போதுமா?

அடுத்த கேள்வி திருநெல்வேலியில இருந்து ஒரு தம்பி அனுப்பியிருக்காரு. படிக்கிறேன்: "அண்ணா, ரெவெல் கம்பெனியோட 1/350 (நிஜக் கப்பல்ல 350-ல ஒரு பங்கு அளவு) எம்டன் போர்க்கப்பல் பிளாஸ்டிக் மாடல் கிட் வாங்கி வச்சிருக்கேன். சிலர் வெள்ளை அடிச்சிருக்காங்க, சிலர் சாம்பல் அடிச்சிருக்காங்க. எது சரி? மாஸ்ட்டுக்கு, அதான் கப்பல்ல நிக்கிற உயரமான கம்பத்துக்கு, கயிறு கட்டத் தலைமுடியே போதும்னு ஒருத்தர் சொன்னாரு, அது சரிதானா?"

ரொம்ப நல்ல கேள்வி தம்பி. முதல்ல நிறத்தைப் பேசிடலாம்.

ரெண்டு நிறமும் சரிதான். எம்டன் 1908-ல டான்சிக்ல (இப்போ போலந்துல இருக்கிற க்டான்ஸ்க்) கடல்ல இறங்கின ஜெர்மன் போர்க்கப்பல். சீனாவுல அப்போ ஜெர்மனி கையில இருந்த சிங்டாவ் துறைமுகத்துல வேலை பார்த்த காலத்துல உடம்பு வெள்ளை, புகைபோக்கி மஞ்சள். அந்த அழகுக்குத்தான் 'கிழக்கின் அன்னம்'னு பேர் வந்தது. 1914-ல முதல் உலகப் போர் வந்ததும் சாம்பலுக்கு மாறிடுச்சு. அதனால பெயின்ட் டப்பாவைத் திறக்கிறதுக்கு முன்னாடி, எந்தத் தேதியில இருந்த எம்டனைக் கட்டப் போறீங்கன்னு முடிவு பண்ணுங்க. கட்டி முடிக்கிற வரைக்கும் அந்தத் தேதியை மேஜை மேல எழுதி ஒட்டி வைங்க. நிறம், கொடி, டெக் மேல இருக்கிற சாமான், எல்லாமே அந்தத் தேதியில இருந்துதான் வரும். ஒரு கப்பலோட ரெண்டு வேற வேற வருஷத்தை ஒரே மாடல்ல கலந்துட்டா, எவ்வளவு சுத்தமா ஒட்டியிருந்தாலும் எனக்கு மனசு ஒப்புறதில்ல.

நான் கட்டினது 1914 செப்டம்பர் 22. மெட்ராஸ் மேல குண்டு போட்ட ராத்திரி. எங்க ஆச்சி யாராவது பயங்கரமான ஆளைப் பத்திப் பேசினா "அவன் எம்டன்டா"ன்னுதான் சொல்லும். அது ஒரு கப்பல் பேருன்னு எனக்கு ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரியும். சென்னை உயர் நீதிமன்றச் சுவர்ல இருக்கிற அந்தக் கல்வெட்டைப் பார்த்துட்டு வந்த அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், கட்டினா இந்தத் தேதிதான்னு. கரையில இருந்து சுமார் 3,000 மீட்டர்ல நின்னு, நூத்துக்கும் மேல குண்டு சுட்டு, பர்மா ஆயில் கம்பெனி எண்ணெய்த் தொட்டியைக் கொளுத்திட்டுப் போயிட்டாங்க. மொத்தம் பத்து பீரங்கி, ஒவ்வொண்ணும் 10.5 சென்டிமீட்டர் வாய். முன்பக்கம் அக்கம்பக்கமா ரெண்டு, பின்பக்கம் ரெண்டு, நடுவுல பக்கத்துக்கு மூணு. ஒட்டுறப்போ அந்த ராத்திரியை நினைச்சுக்கிட்டே சுடுற பக்கத்துக் குழல்களை எல்லாம் ஒரே கோணத்துல தூக்கி வச்சேன்.

இப்போ மலேசியாவுல இருக்கிற பினாங் துறைமுகத்தை எம்டன் தாக்கின நாள் பிடிச்சிருந்தா அக்டோபர் 28 வச்சுக்கோங்க. அன்னைக்கு மூணு புகைபோக்கியோட நாலாவதா ஒரு பொய்ப் புகைபோக்கி நின்னுச்சு. மரச்சட்டமும் கேன்வாஸ் துணியும் வச்சு மாலுமிகளே செஞ்சது. தூரத்துல பார்த்தா நாலு புகைபோக்கி உள்ள யார்மவுத்ங்கிற பிரிட்டிஷ் கப்பல் மாதிரி தெரியணும்னு. அதை பிளாஸ்டிக்ல வழவழன்னு செய்யாதீங்க. டிஷ்யூ பேப்பரைத் தண்ணி கலந்த ஃபெவிகால்ல நனைச்சுச் சுத்துங்க, அந்தத் துணிச் சுருக்கம் தானா வந்துடும். நவம்பர் 9, கோக்கோஸ் தீவுல ஆஸ்திரேலியாவோட சிட்னி கப்பல் அடிச்ச நாள், அதை முதல் மாடலுக்கு எடுக்காதீங்க. சிதைஞ்ச இரும்பைக் காட்டுறது தனிக் கலை.

இன்னொண்ணு, கூடப் பிறந்த டிரெஸ்டன் கப்பல் படங்களைப் பார்த்து விசிறி (தண்ணிக்குள்ள சுத்திக் கப்பலைத் தள்ளுற புரொப்பெல்லர்) ஒட்டிடாதீங்க. டிரெஸ்டன்ல டர்பைன், நாலு விசிறி. எம்டன்ல பழைய பிஸ்டன் நீராவி இயந்திரம், ரெண்டே விசிறி.

சரி, சாம்பல்னா எந்தச் சாம்பல்? அந்தக் காலத்துக் கறுப்பு வெள்ளைப் படத்தை வச்சு அளக்க முடியாது. அன்னைக்கு இருந்த பல ஃபிலிம்கள் சிவப்பு, மஞ்சளைக் கறுப்பாக் காட்டும், நீலத்தை வெளுப்பாக் காட்டும். அதோட தூரமும் இருக்கு. ரெண்டடி தள்ளி உட்கார்ந்து 1/350 மாடலைப் பார்க்கிறதும் நிஜக் கப்பலை 200 மீட்டர் தள்ளி நின்னு பார்க்கிறதும் ஒண்ணு. நடுவுல இருக்கிற காத்து நிறத்தை வெளுக்க வைக்கும். அதனால டப்பா சாம்பலை அப்படியே அடிக்காம, கொஞ்சம் வெள்ளை கலந்துக்கோங்க. ரொம்பப் புதுசாவும் வைக்காதீங்க. கடல்லயே இன்னொரு கப்பலை ஒட்டி நிறுத்தி மூட்டை மூட்டையா நிலக்கரி ஏத்தின கப்பல் அது. பக்கவாட்டுல உரசலும் கரித்தூளும் இருந்தாதான் எனக்கு எம்டன் மாதிரி தெரியுது.

மழை நாள்ல மட்டும் லாக்கர் பெயின்ட் ஸ்ப்ரே பண்ணாதீங்க. கரைப்பான் சட்டுன்னு ஆவியாகிறப்போ மேல்பரப்பு குளிர்ந்து, காத்துல இருக்கிற ஈரம் அதுல படிஞ்சு, வெள்ளையாப் பூத்துடும். ஒரு ஐப்பசி சாயங்காலம் அவசரப்பட்டு அடிச்சு, கப்பல் உடம்பு முழுக்கச் சுரண்டி எடுத்து மறுபடி ஆரம்பிச்சேன். மூணு வாரம் போச்சு.

இப்போ தலைமுடி. ஒரு முடி ஏறக்குறைய 0.07 மில்லிமீட்டர். 350-ஆல பெருக்குங்க, நிஜக் கப்பல்ல ரெண்டரை சென்டிமீட்டர் தடிமன் கயிறு ஆகுது. மாஸ்ட்டை இழுத்துப் பிடிக்கிற கம்பிக்கு ஒத்துக்கலாம். ரெண்டு மாஸ்ட்டுக்கும் நடுவுல போற வயர்லெஸ் கம்பிக்கு அது ரொம்பவே தடிமன். முடி ஈரத்துல தொய்ஞ்சும் போகும்.

நான் செய்யிறது என்னன்னா, கிட்ல பாகங்களைப் பிடிச்சிருக்கிற சட்டம் இருக்கும்ல, வெட்டி எறிவோமே, அதுல ஒரு விரல் நீளம் எடுத்துக்குவேன். மெழுகுவத்திச் சுடருக்கு மேல, சுடர் தொடாம உருட்டிக்கிட்டே இருங்க. பளபளத்து நடுவுல தொய்யும். உடனே சுடரை விட்டு வெளியே எடுத்து இழுங்க. வேகமா இழுத்தா மெல்லிசு, மெதுவா இழுத்தா தடிமன். சாம்பல் பிளாஸ்டிக்கா இருந்தா பெயின்ட்கூடத் தேவையில்ல. ஒரு நுனியைத் துளி ஃபெவிக்விக்ல ஒட்டி, நல்லாக் காஞ்சதும் மறு நுனி. லேசாத் தொய்வு இருந்தா இருக்கட்டும். அப்புறம் ஒரு ஊதுபத்தியைப் பத்த வச்சு, அந்தச் சிவந்த நெருப்பு நுனியை இழைக்குக் கிட்ட கொண்டு போங்க, தொடக் கூடாது. சூட்டுல இழை தானாச் சுருங்கி வீணைத் தந்தி மாதிரி விறைச்சுக்கும். முதல் தடவை அதைப் பார்த்தப்போ எனக்கு உடம்பு சிலிர்த்துடுச்சு.

நாலஞ்சு இழை அறுந்துதான் கை பழகும், அதனால முதல்ல ரெண்டு குச்சியை நட்டு அதுல பழகுங்க. மாஸ்ட்டை ஒட்டுறதுக்கு முன்னாடியே டெக்ல துளைகளைப் போட்டு வச்சுக்கோங்க, அப்புறம் டிரில் உள்ளே போகாது. கைப்பிடிக் கம்பியை எல்லாக் கயிறும் முடிஞ்ச பிறகு கடைசியா ஒட்டுங்க. அது மூணு மில்லிமீட்டர் உயரப் பித்தளை, கை பட்டாலே வளையும்.