சுறாவின் வாய்க்குள் ரம்பத்தோடு பாய்ந்த அப்பா! ‘ஷார்க்நாடோ’வை ஏன் பார்க்க வேண்டும்?

[திரையில்: கருத்துச் சுழலும் காற்று, அதற்குள் சுறாக்கள்]

ஒரு வெள்ளைச் சுறா வாயைப் பிளந்தபடி வானத்திலிருந்து விழுந்துகொண்டிருக்கிறது. அது விழப்போகும் இடத்தில் ஓர் இளம்பெண் நிற்கிறாள். அவளுடைய அப்பா ஓடிவந்து அவளைத் தள்ளிவிடுகிறார். அவர் கையில் மரம் அறுக்கும் இயந்திர ரம்பம். தப்பித்து ஓட நேரம் இருக்கிறது, ஆனால் அவர் ஓடவில்லை. ரம்பத்தை நீட்டியபடி அந்தச் சுறாவின் வாய்க்குள்ளேயே பாய்ந்துவிடுகிறார்!

பிறகு என்ன ஆனது? சொல்கிறேன். இந்த வீடியோவே அந்தக் காட்சிக்காகத்தான்.

வணக்கம் நண்பர்களே. படத்தின் பெயர் ‘ஷார்க்நாடோ’. 2013 ஜூலை 11 அன்று அமெரிக்காவின் சைஃபை சானலில் ஒளிபரப்பானது. தயாரிப்பு தி அசைலம் நிறுவனம், இயக்கம் ஆன்டனி ஃபெரான்டே, எழுத்து தண்டர் லெவின். கடலில் கிளம்பும் சுழற்காற்று சுறாக்களை அள்ளிக்கொண்டு வந்து லாஸ் ஏஞ்சலீஸ் நகரின் தலையில் கொட்டுகிறது. கடற்கரையில் மதுக்கூடம் நடத்தும் ஃபின், பிரிந்து வாழும் மனைவியையும் பிள்ளைகளையும் காப்பாற்றப் புறப்படுகிறார். கதை இவ்வளவுதான்.

இனி எனக்குப் பிடித்த ஒப்பீட்டுக்கு வருவோம்.

[திரையில்: கடலில் மிதக்கும் மஞ்சள் பீப்பாய்]

சுறா படம் என்றாலே 1975-இல் ஸ்டீவன் ஸ்பில்பெர்க் எடுத்த ‘ஜாஸ்’தான் நினைவுக்கு வரும். அந்தப் படத்துக்காகச் செய்த இயந்திரச் சுறாக்களுக்குப் படக்குழு வைத்த பெயர் புரூஸ். உப்புத் தண்ணீரில் இறக்கியதும் புரூஸ் மக்கர் செய்யத் தொடங்கிவிட்டது. 55 நாட்களில் முடிய வேண்டிய படப்பிடிப்பு 159 நாட்கள் இழுத்தது. சுறா வேலை செய்யாத நாட்களில் என்னதான் செய்வார்கள்? சுறா இல்லாமலே எடுத்தார்கள். சுறாவோடு பிணைத்துவிட்டதாகக் காட்டி, தண்ணீருக்கு மேல் நகரும் மஞ்சள் பீப்பாய், பின்னணி இசை, அமைதியான கடல், இவையே சுறாவுக்குப் பதிலாக நின்றன. படம் தொடங்கி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆன பிறகுதான் சுறாவை ஒழுங்காகப் பார்க்கவே முடிகிறது. அந்தக் காத்திருப்புதான் பார்ப்பவர்களுக்குக் குலை நடுக்கத்தைக் கொடுத்தது.

‘ஷார்க்நாடோ’ எதையுமே ஒளித்துவைப்பதில்லை. அதைப் பதினெட்டே நாட்களில் எடுத்து முடித்தார்கள். சுறாக்கள் பெரும்பாலும் கணினி வரைகலை, அதுவும் மலிவான வரைகலை. தெருவில் சுறா, மாடியில் சுறா, நெடுஞ்சாலையில் சுறா. கையில் காசு இல்லாதபோது ஒரு படக்குழு சுறாவை மறைத்து வைக்கலாம், அல்லது கூச்சப்படாமல் கூடை கூடையாகக் கொட்டலாம். இரண்டாவது வழிக்கும் துணிச்சல் வேண்டும். அந்தத் துணிச்சலை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

குறைகள் இல்லையா? ஏராளம்! ஒரு ஷாட்டில் மழை கொட்டும், அடுத்த ஷாட்டில் பளீரென்று வெயில் அடிக்கும். ஃபின்னுடைய மனைவியின் வீட்டுக்குள் சுறா நீந்துமளவுக்கு வெள்ளம் புகுகிறது, வாசலைத் தாண்டினால் அந்த வெள்ளத்தைக் காணோம். ஹெலிகாப்டரிலிருந்து குண்டு வீசிச் சுழற்காற்றைக் கலைக்கிறார்கள். கூட்டமாக உட்கார்ந்து பார்க்கும்போது இவற்றைக் கண்டுபிடிப்பதே ஒரு விளையாட்டு. “அங்கே பார், தரை காய்ந்திருக்கிறது!” என்று யாராவது ஒருவர் கத்தினால் போதும், அதன் பிறகு அறையில் ஒருவரும் சும்மா இருக்க மாட்டார்கள்.

சரி, அந்த அப்பாவுக்கு வருவோம். சுறா அவரை விழுங்கிவிட்டுத் தரையில் கிடக்கிறது. மகள் அலறுகிறாள். ஒரு நொடி எல்லாம் முடிந்துவிட்டது என்றே தோன்றுகிறது. அப்போது சுறாவின் உடலுக்குள்ளிருந்து ரம்பத்தின் உறுமல் கேட்கிறது. தோலைக் கிழித்துக்கொண்டு ரம்பத்தின் முனை வெளியே வருகிறது. பின்னாலேயே இரத்தத்தில் குளித்த ஃபின். கதை இத்தோடு நிற்கவில்லை. அவர் திரும்பவும் உள்ளே கையை விட்டு ஒரு பெண்ணை இழுத்துப்போடுகிறார். சற்று முன் ஹெலிகாப்டரிலிருந்து தவறி விழுந்து, நடுவானிலேயே சுறாவுக்கு இரையான நோவா! வானத்தில் அத்தனை சுறாக்கள் இருக்க, அவர் பாய்ந்த சுறாவுக்குள்தான் அவள் இருந்திருக்கிறாள். இப்படி ஒரு தற்செயலை எழுதத் தனி நெஞ்சுரம் வேண்டும்.

இதை நம்ப வைப்பது ஃபின்னாக நடித்த இயன் ஸீரிங்கின் முகம். அவர் இந்தப் படத்தை முதலில் மறுத்தவர். மனைவி கர்ப்பமாக இருந்தார். நடிகர் சங்கத்தின் மருத்துவக் காப்பீடு தொடர வேண்டுமானால் அவர் நடித்தாக வேண்டும். மனைவி சொன்னதால் போனார். ஆனால் வேண்டாவெறுப்பாக வந்தவர் என்பதற்கான அடையாளம் ஒரு காட்சியில்கூட இல்லை. பிள்ளைகளைப் பறிகொடுக்கப் போகும் தகப்பனின் பதற்றத்தைக் கடைசி வரை நடித்திருக்கிறார். என் கருத்தில் இந்தப் படத்தின் உயிர் அதுதான். நடிகர்கள் நம்மைப் பார்த்துக் கண்ணடிப்பதில்லை. சிரிப்பை நமக்கே விட்டுவிடுகிறார்கள்.

முதல் ஒளிபரப்பைப் பார்த்தவர்கள் சுமார் 13.7 லட்சம் பேர். மறுஒளிபரப்புகளில் எண்ணிக்கை ஏறியது. மூன்றாவது முறை 21 லட்சம்! ட்விட்டரில் பேசிப் பேசியே ஊரைக் கூட்டிவிட்டார்கள்.

வானத்திலிருந்து மீன் விழுமா? விழுந்திருக்கிறது. 2014 மே மாதம் இலங்கையின் மேற்கே சிலாபம் அருகே ஒரு கிராமத்தில் 5 முதல் 8 சென்டிமீட்டர் நீள மீன்கள் மழையோடு விழுந்தன. சில உயிரோடு இருக்க, மக்கள் அவற்றை வாளித் தண்ணீரில் போட்டு வைத்தார்கள். நீர்நிலை மேல் எழும் சுழற்காற்று சிறு மீன்களைத் தூக்கிவரும் என்பதே இதற்குச் சொல்லப்படும் விளக்கம். வளர்ந்த வெள்ளைச் சுறா ஒரு டன்னைத் தாண்டும். அதனால் ஜன்னலைத் திறந்து வைத்தே தூங்கலாம்.

உண்மையில் நம்மைப் பார்த்துப் பயப்பட வேண்டியவை சுறாக்கள்தான். மனிதர்கள் ஆண்டுக்குச் சுமார் 10 கோடி சுறாக்களைக் கொல்வதாக 2013-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. சுறாக்களால் உலகெங்கும் இறக்கும் மனிதர்கள் ஆண்டுக்குப் பத்துப் பேர் அளவில்தான்.

2018 வரை மொத்தம் ஆறு பாகங்கள் வந்துவிட்டன. மூன்றாம் பாகத்தில் ஃபின் விண்வெளிக்கே போகிறார், அங்கேயும் சுறா வருகிறது! ஆனாலும் போகப் போக எல்லோரும் வேடிக்கை என்று தெரிந்தே நடிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். என் ஓட்டு முதல் பாகத்துக்குத்தான். தனியாகப் பார்க்காதீர்கள், நான்கு பேரைக் கூப்பிடுங்கள், கைபேசியை எடுத்து வையுங்கள், நொறுக்குத்தீனி தாராளமாக இருக்கட்டும். பார்த்துவிட்டு, தரை காய்ந்திருந்த ஷாட்கள் எத்தனை என்று கமெண்டில் எழுதுங்கள். அதிகம் கண்டுபிடித்தவரின் பட்டியலை அடுத்த வீடியோவில் திரையில் போடுகிறேன்.