மைதானத்துக்கு நடக்க விடும் நகரங்கள்

(லண்டனில் தமிழ்ப் பெற்றோரும் இளைஞர்களும் கூடிய மாலை நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களுக்கும், கழுத்தில் தங்கள் அணியின் ஸ்கார்ஃபோடு வந்திருக்கும் தம்பி தங்கையருக்கும் என் வணக்கம்.

இன்றைய தலைப்பைக் கொடுத்தவர்கள் பெற்றோர்கள். "ஐரோப்பியக் கால்பந்துப் போட்டிகளின் வெளியூர் ஆட்டங்களுக்கு விமானம் ஏறிப் போகிறேன் என்று பிள்ளைகள் பிடிவாதம் பிடிக்கிறார்கள். எந்த ஊருக்கு அனுப்பலாம், எந்த ஊருக்கு அனுப்பக் கூடாது?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆட்டம் முடிந்து திரும்பும் ரயிலிலும், விடியற்காலை விமானத்துக்காகக் காத்திருக்கும் நிலையத் தரையிலும் ரசிகர்கள் ஓயாமல் பேசிக்கொள்வதும் இதைத்தான். லிஸ்பனா, மிலானா? எந்த ஊரில் சாப்பாடு நன்றாக இருந்தது? எந்த ஊர்ப் போலீஸ் மரியாதையாக நடந்துகொண்டது? எந்த அணி எதனோடு மோதும் என்ற குலுக்கல் முடிந்த மறு நிமிடமே இந்தப் பேச்சு தொடங்கிவிடும்.

அந்தப் பேச்சில் பெரும்பாலும் ஊரின் அழகும் பீரின் விலையும்தான் எடை போடப்படுகின்றன. எனக்கு அவை இரண்டாம் பட்சம். நான் ஒன்றை மட்டும் பார்க்கிறேன்: நகரத்தின் நடுச் சதுக்கத்திலிருந்து மைதானத்தின் வாசல் வரை, எதிரணியின் ரசிகனைத் தன் போக்கில் நடந்துபோக அந்த ஊர் விடுகிறதா? விட்டால் அந்த ஊர் அவனை விருந்தாளியாக எண்ணுகிறது. பஸ்ஸில் ஏற்றிக் கதவைச் சாத்தினால் அவனைச் சரக்காக எண்ணுகிறது. மற்ற வேறுபாடுகளில் பெரும்பகுதி இதிலிருந்துதான் கிளைக்கிறது.

வடக்கு ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் இருக்கும் பில்பாவோவை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மூன்றரை இலட்சம் பேர் அளவில் வாழும் நடுத்தர நகரம். அங்கே அத்லெட்டிக் கிளப்பின் மைதானம் சான் மாமேஸ் 1913இல் திறக்கப்பட்டது. நூறு ஆண்டுகள் கழித்துப் புது மைதானம் தேவைப்பட்டபோது, புறநகரில் மலிவாக நிலம் பார்க்கலாம் என்று அவர்கள் கிளம்பவில்லை. பழைய மைதானத்தை ஒட்டியே, நகரத்தின் உடலுக்குள்ளேயே புதியதைக் கட்டி 2013இல் திறந்தார்கள். ஒரு நகரம் எடுத்த அந்த ஒரு முடிவின் பலனை இன்று வெளியூர் ரசிகன் அனுபவிக்கிறான்.

போசா என்று ஊரார் அழைக்கும் தெரு ஒன்று உண்டு. நகரத்தின் நடுப்பகுதியிலிருந்து நேர்கோட்டில் போய், மைதானத்தின் வெள்ளைச் சுவரில் முட்டி நிற்கும். இரு பக்கமும் சிறு மதுக்கூடங்கள். ஆட்ட நாளில் மாலை சாயும் முன்பே தெரு நிறைந்துவிடும். கண்ணாடிப் பெட்டிக்குள் ரொட்டித் துண்டுகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றின் மேலும் உப்பிட்ட மீனோ, முட்டை அடையோ, மிளகாயோ வைத்துப் பல்குத்தும் குச்சியால் குத்தியிருப்பார்கள். சில கடைகளில் நீங்களே எடுத்துத் தின்னலாம். தட்டில் மிஞ்சிய குச்சிகளை எண்ணித்தான் பணம் வாங்குவார்கள். அந்தக் கூட்டத்தில் எழுபது வயதுப் பாட்டி சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டையில், கையில் சிறு பீர்க் கோப்பையுடன் நிற்பார். பேரன் அவர் இடுப்பளவு இருப்பான். அவர்கள் பக்கத்தில் எதிரணிச் சட்டையோடு நீங்கள் நிற்கலாம். எங்கிருந்து வருகிறாய் என்று கேட்பார்கள். தங்கள் அணியில் பாஸ்க் மண்ணில் பிறந்தவர்களோ அங்கே ஆட்டம் கற்று வளர்ந்தவர்களோ மட்டுமே ஆடுவார்கள் என்பதைப் பெருமையாகச் சொல்வார்கள். பிறகு எல்லாரும் ஒரே திசையில் நடப்பீர்கள்.

இன்னொரு வழக்கமும் அங்கே உண்டு. சான் மாமேஸின் முதல் கோலை அடித்தவர் பிச்சிச்சி என்ற வீரர். 1922இல், முப்பது வயதைத் தொடும் முன்பே காலமானார். அவருடைய மார்பளவுச் சிலை மைதானத்தில் இருக்கிறது. முதல் முறையாக அங்கே ஆட வரும் அணியின் தலைவர் அந்தச் சிலையின் முன் மலர்க்கொத்து வைப்பார். விருந்தாளி அணியை இப்படி வரவேற்கும் ஊர், விருந்தாளி ரசிகனையும் அப்படியே நடத்துவதில் எனக்கு வியப்பில்லை. 2025 மே மாதம் டாட்டன்ஹாமும் மான்செஸ்டர் யுனைடெட்டும் மோதிய, ஐரோப்பியக் கிளப்புகளின் இரண்டாம் நிலைப் போட்டியான யூரோப்பா லீக்கின் இறுதி ஆட்டம் அங்கேதான் நடந்தது. விடுதி விலை விண்ணைத் தொட்டதால் பலர் சான் செபாஸ்டியனிலும் சாந்தாந்தரிலும் தங்க வேண்டி வந்தது. அது குறைதான், மறைக்கவில்லை. சிறிய ஊரால் அத்தனை பேருக்குப் படுக்கை தர முடியாது. தெருவைத் தர முடிந்தது.

ஒரே ஊருக்குள்ளும் இந்த வேறுபாட்டைக் காணலாம். இஸ்தான்புல்லைப் பாருங்கள். 2005இல் லிவர்பூல் மூன்று கோல் பின்தங்கி, மீண்டெழுந்து, பெனால்டியில் மிலானை வென்ற சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தை இங்கே பலர் மறக்க மாட்டீர்கள். அது நடந்த அத்தாதுர்க் ஒலிம்பிக் மைதானம், ரசிகர்கள் கூடும் தக்சிம் சதுக்கத்திலிருந்து இருபது கிலோமீட்டருக்கும் மேல், மேற்கே வெட்டவெளியில் நிற்கிறது. நெரிசலில் பஸ்கள் நின்றுவிட, இறங்கிக் கரடுமுரடான நிலத்தில் நடந்து போனவர்கள் ஏராளம். பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 2023இல், மான்செஸ்டர் சிட்டியும் இன்டரும் மோதியபோதும் அதே மைதானம், அதே புலம்பல். ஆனால் 2019 ஆகஸ்டில் லிவர்பூலும் செல்சியும் சூப்பர் கோப்பைக்கு மோதியது பெஷிக்தாஷின் மைதானத்தில். அது பாஸ்பரஸ் கரையில், தொல்மாபாச்சே அரண்மனைக்கு அருகில் இருக்கிறது. தக்சிமிலிருந்து சரிவில் இறங்கினால் கடல் காற்று முகத்தில் அடிக்க வாசலுக்குப் போய்விடலாம். ஒரே நகரம்தான். முதல் பயணத்தில் போனவர் நெடுஞ்சாலையைப் பற்றிப் பேசுகிறார், இரண்டாவதில் போனவர் இஸ்தான்புல்லைப் பற்றிப் பேசுகிறார்.

இனி இத்தாலிக்கு வருகிறேன். பெற்றோர் அதிகம் அஞ்சுவது இந்த நாட்டுக்குத்தான். நேப்பிள்ஸில் இங்கிலாந்து அணிகளின் ரசிகர்களைத் துறைமுகத்தில் கூடச் சொல்லி, அங்கிருந்து பஸ்களில் ஏற்றி, போலீஸ் காவலோடு ஃபுவோரிகுரோத்தா பகுதியில் இருக்கும் மரடோனா மைதானத்துக்குக் கொண்டுபோவது வழக்கம். ரோமில் வில்லா போர்கேசே பூங்காவில் கூடச் சொல்கிறார்கள். இந்த அச்சத்துக்குக் காரணமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 2024 மார்ச்சில் ரோமுக்குப் போன பிரைட்டன் ரசிகர்கள் இருவர் ஆட்டத்துக்கு முந்தைய இரவில் கத்தியால் குத்தப்பட்டார்கள். ஆகவே அந்த ஊர்களில் பஸ்ஸில் ஏறச் சொன்னால் ஏறுங்கள். தம்பிகளே, அங்கே வீரம் காட்ட வேண்டாம்.

ஆனால் அடைத்துவைப்பதால் பிரச்சினை தீர்ந்ததா? 2023 மார்ச்சில் பிராங்க்ஃபர்ட் ரசிகர்களுக்கு நேப்பிள்ஸ் நிர்வாகம் டிக்கெட்டே கிடையாது என்று தடை போட்டது. வழக்கு நடந்தது, முதல் உத்தரவு நிறுத்தப்பட்டது, மறுபடி வேறு வடிவில் உத்தரவு வந்தது. அதன் பிறகும் டிக்கெட் இல்லாமலே நூற்றுக்கணக்கானோர் போனார்கள். பழைய நகரத்தின் சதுக்கத்தில் கலவரம், போலீஸ் வண்டிக்குத் தீ. குடும்பத்தோடு வரக்கூடிய சாதாரண ரசிகன் தடைக்குக் கட்டுப்பட்டு வீட்டில் இருந்துவிட்டான். சண்டைக்கென்றே வருகிறவன் வந்து சேர்ந்தான். தடையின் இயல்பு அதுதான்.

நானும் தென் ஐரோப்பிய நகரம் ஒன்றில் ஆட்டம் முடிந்த பிறகு வெளியே விடாமல் நிறுத்தப்பட்டிருக்கிறேன். ஊர் பெயர் வேண்டாம். விளக்குகளைப் பாதி அணைத்துவிட்டார்கள். புல்வெளிக்கு நீர் தெளிக்கும் குழாய்கள் சுழல ஆரம்பித்தன. கழிவறையில் தண்ணீர் இல்லை, தின்பண்டக் கடை மூடியாயிற்று. எனக்கு முன் வரிசையில் ஒரு தந்தை தன் மகளின் கால்களைத் தன் கோட்டால் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று அவர் ஒவ்வொரு காவலரிடமும் கேட்டார். ஒருவரும் அவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லவில்லை. அணியின் தோல்வி அன்று எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அந்த அலட்சியம் இன்றும் எரிச்சலூட்டுகிறது.

இந்த மனப்பான்மை எங்கிருந்து வந்தது? 1985 மே 29 அன்று பிரஸ்ஸல்ஸின் ஹைசெல் மைதானத்தில் 39 பேர் இறந்தார்கள். லிவர்பூல் ரசிகர்கள் எதிரணி ரசிகர்கள்மேல் பாய்ந்ததும் சுவர் இடிந்ததும் அதன் காரணங்கள். இங்கிலாந்து கிளப்புகள் ஐந்து ஆண்டுகள் ஐரோப்பியப் போட்டிகளிலிருந்து விலக்கப்பட்டன. அதே ஆண்டில் ஐரோப்பிய நாடுகள் போட்ட உடன்படிக்கை, ரசிகர்களைப் பிரித்துவைப்பதையும் மதுவைக் கட்டுப்படுத்துவதையும் முன்வைத்தது. அன்றைய நிலையில் அதைக் குறை சொல்ல முடியாது. காலம் மாறியது. 2016 ஜூலையில் வந்த புதிய உடன்படிக்கை, பாதுகாப்பும் காவலும் மட்டும் போதாது, உபசரிப்பும் சேர வேண்டும் என்று எழுத்திலேயே சொன்னது. அதைக் கையெழுத்துக்கு வைத்த இடம் பாரீஸை ஒட்டிய சாந்தெனியில் உள்ள ஸ்தாத் த பிரான்ஸ் மைதானம்.

ஆறு ஆண்டுகள்கூட ஆகவில்லை. 2022 மே 28, அதே மைதானம், லிவர்பூலும் ரியல் மாட்ரிட்டும் மோதும் சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம். ரயில் நிலையத்திலிருந்து வந்த ஆயிரக்கணக்கானோரை நெடுஞ்சாலைப் பாலத்தின் அடியில் இருந்த குறுகிய வழியில் திருப்பிவிட்டார்கள். வாயில்கள் மூடின. முறையான டிக்கெட் வைத்திருந்தவர்கள் மீதும் சிறுவர்கள் மீதும் கண்ணீர்ப் புகை. ஆட்டம் 36 நிமிடம் தாமதமாகத் தொடங்கியது. முப்பதாயிரம் நாற்பதாயிரம் பேர் போலி டிக்கெட்டோடும் டிக்கெட் இல்லாமலும் வந்துவிட்டார்கள் என்று பிரான்ஸின் உள்துறை அமைச்சர் ரசிகர்கள்மேல் பழி போட்டார். வாயிலில் பிடிபட்ட போலி டிக்கெட்டுகளோ மூவாயிரத்துக்கும் குறைவு. 2023 பிப்ரவரியில் வந்த சுதந்திரக் குழுவின் அறிக்கை, முதன்மைப் பொறுப்பு போட்டியை நடத்திய ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஈஎஃப்ஏவினுடையது என்று தீர்த்துச் சொன்னது. நடந்துபோகும் வழி ஒன்றைச் சரியாகத் திட்டமிடாததால் வந்த வினை இது. உயிர்ச் சேதம் நேராதது அன்று லிவர்பூல் ரசிகர்கள் காத்த பொறுமையால்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஜெர்மனியைப் பற்றிப் பேசும்போது மனம் இலகுவாகிறது. டார்ட்முண்ட் மைதானத்தின் தெற்குப் பார்வையாளர் பகுதியில் ஏறத்தாழ 25,000 பேர் நின்றபடி பார்க்கிறார்கள், மஞ்சள் சுவர் என்று உலகமே பெயர் வைத்திருக்கிறது. ஆனால் நான் வியந்தது வேறு. பழைய சந்தைச் சதுக்கத்தில் இரு அணி ரசிகர்களும் ஒரே மேசையில் சாப்பிடுவார்கள். அங்கிருந்து தெற்கே குடியிருப்புத் தெருக்கள் வழியாக நடந்தால் மைதானம். ஜெர்மன் லீக் விதிப்படி, மைதான இடங்களில் பத்து சதவீதம் வெளியூர் ரசிகர்களுக்கு. ஐரோப்பியப் போட்டிகளில் இது ஐந்து சதவீதம்தான். 1981இல் பிரேமனில் தொடங்கி, நகரம் நகரமாக ரசிகர் திட்டங்கள் என்ற பெயரில் சமூகப் பணியாளர்களை அமர்த்தியிருக்கிறார்கள். அவர்கள் இளைஞர்களோடு வெளியூர் ஆட்டங்களுக்கும் கூடவே போகிறார்கள். போலீஸுக்கும் ரசிகனுக்கும் நடுவில் பேச ஓர் ஆள் இருந்தால் பாதிச் சண்டை வராது. மியூனிக்கில் மைதானம் 2005 முதல் ஊரின் வட விளிம்புக்குப் போய்விட்டது. சுரங்க ரயில் ஒழுங்காக ஓடுவதால் குறையில்லை, ஆனாலும் நடை போயிற்று.

வெளியூர் ரசிகர்கள் ஒரு நகரத்தையே நிறைத்த நாள்களும் உண்டு. 2003இல் இறுதி ஆட்டம் ஒன்றுக்காக ஸ்பெயினின் செவில்லாவுக்கு ஸ்காட்லாந்தின் செல்டிக் அணி ரசிகர்கள் 80,000 பேர் போனதாக மதிப்பிட்டார்கள். பெரும்பாலோரிடம் டிக்கெட் இல்லை. அணி போர்ட்டோவிடம் 3-2 என்று தோற்றது. அவர்கள் நடந்துகொண்ட விதத்துக்கு யூஈஎஃப்ஏவும் ஃபிஃபாவும் விருது கொடுத்தன. 2022 ஏப்ரலில் பார்சலோனாவில் பிராங்க்ஃபர்ட்டுக்குக் கொடுத்தது 5,000 டிக்கெட்; உள்ளே வந்தவர்கள் ஏறத்தாழ முப்பதாயிரம் பேர். வெள்ளை உடையில் ஊர்வலமாக நடந்து போனார்கள், ஆட்டத்தையும் 3-2 என்று வென்றார்கள். பார்சலோனா கிளப்பின் தலைவர் வெட்கப்படுவதாகச் சொன்னார். சொந்த மைதானத்து டிக்கெட்டுகள் எதிரணி ரசிகர்களின் கைக்குப் போய்விட்டதால் அவர் வெட்கப்பட்டார். வந்தவர்கள் வெட்கப்பட எதுவும் இல்லை.

இப்போது நம் ஊர். லண்டன் எப்படி நடத்துகிறது? 2017 செப்டம்பரில் ஆர்சனலோடு ஆட ஜெர்மனியின் கோல்ன் அணி வந்தது. 25 ஆண்டுகளுக்குப் பிறகு அவர்களுக்குக் கிடைத்த முதல் ஐரோப்பியப் போட்டி. அவர்களின் ரசிகர்களுக்கு ஒதுக்கியது மூவாயிரம் டிக்கெட்கூட இல்லை. ஏறத்தாழ இருபதாயிரம் பேர் வந்தார்கள். வாசலில் தள்ளுமுள்ளு ஏற்பட்டு ஆட்டம் ஒரு மணி நேரம் தள்ளிப்போனது. அன்று பல செய்திகள் அவர்களைப் படையெடுப்பாளர்கள் போல எழுதின. பகல் முழுவதும் அவர்கள் பாட்டுப் பாடியபடி நடந்ததைப் பார்த்தவன் நான்; அந்த எழுத்து எனக்கு உடன்பாடில்லை. வடக்கே நியூகாசிலில் மைதானம் ஊர் நடுவில், ரயில் நிலையத்திலிருந்து எளிய நடை. ஆனால் விருந்தாளி ரசிகனைப் பதினான்கு அடுக்குப் படிகள் ஏறவைத்து உச்சியில் உட்காரவைக்கிறார்கள். முழங்கால் வலி உள்ள பெரியவர்களை அழைத்துப் போகிறவர்கள் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

பணத்தைப் பற்றி இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. வெளியூர் ரசிகர்களின் டிக்கெட் விலைக்கு உச்சவரம்பு வந்தது ரசிகர் அமைப்புகள் விடாமல் போராடியதால். 2025-26 பருவத்தில் சாம்பியன்ஸ் லீகுக்கு 50 யூரோ, யூரோப்பா லீகுக்கு 35, கான்ஃபரன்ஸ் லீகுக்கு 20. வெளியூர் ரசிகர் டிக்கெட்டுக்கு அதற்கு மேல் யாராவது இணையத்தில் கேட்டால் அது கள்ளச் சந்தை. வாங்காதீர்கள், அந்த டிக்கெட் பெரும்பாலும் உள்ளூர் ரசிகர்களின் நடுவில் இருக்கை கொடுக்கும், அங்கே உங்கள் அணி கோல் அடித்தால் கையைக்கூடத் தட்ட முடியாது.

பெற்றோரே, முதல் பயணத்துக்குப் பிள்ளைகளோடு நீங்களும் போங்கள். பில்பாவோ வாய்த்தால் பில்பாவோ, இல்லையென்றால் டார்ட்முண்ட். ஆட்டத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே விடுதியை விட்டுக் கிளம்பி, டாக்சி பிடிக்காமல், கூட்டத்தோடு நடங்கள். பாஸ்போர்ட்டை உள்பையில் வையுங்கள். கடைசி ரயிலின் நேரத்தைக் காலையிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மற்ற ஊர்களைப் பற்றி உங்கள் கேள்விகளுக்கு இப்போது வருகிறேன்.