ஹப்பர்ட் புரூக்: வாரந்தோறும் ஒரு புட்டி ஓடைநீர்

வணக்கம், நேயர்களே. அமில மழை என்றாலே அது முடிந்துபோன பழைய கதைதானே என்று பலர் என்னிடம் கேட்பதுண்டு. வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் மழை பெருமளவு தேறிவிட்டது உண்மைதான். ஆனால் மழையை வாங்கிக்கொண்ட மண்ணும் ஓடையும் அதே வேகத்தில் தேறவில்லை என்பதை ஒரு மலைக்காட்டின் கதையைக் கொண்டு இன்று சொல்ல விரும்புகிறேன்.

திரையில் நீங்கள் காணும் வரைபடம் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் வெள்ளை மலைகளில் உள்ள ஹப்பர்ட் புரூக் காட்டினுடையது. 1955-இல் அமெரிக்க வனத்துறை இதை நீரியல் ஆய்வுக்காக ஒதுக்கியது. இங்குள்ள பாறை நீரை ஏறக்குறைய கசியவிடாது என்பதால், ஒரு சிறு நீர்ப்பிடிப்புப் பகுதியில் பெய்யும் மழையில், மரங்கள் உறிஞ்சி ஆவியாக்கியது போக எஞ்சியது முழுவதும் அதன் ஓடை வழியாகத்தான் வெளியேற வேண்டும். ஓடையின் கீழ்முனையில் ‘வி’ வடிவ வாய் வெட்டிய சிறிய தடுப்பணை ஒன்றைக் கட்டிவிட்டால், காட்டுக்குள் வந்ததையும் காட்டை விட்டுப் போனதையும் வரவு செலவுக் கணக்கைப் போலவே எழுதி வைக்கலாம்.

1963-இல் ஜீன் லைக்கன்ஸ், ஹெர்பர்ட் போர்மன், நோய் ஜான்சன், ராபர்ட் பியர்ஸ் ஆகிய நான்கு ஆய்வாளர்களும் அந்தக் கணக்கைத் தொடங்கினார்கள். அமில மழையைத் தேடி அவர்கள் போகவில்லை. காட்டில் சத்துகள் எவ்வாறு சுழல்கின்றன என்பதே அவர்களுடைய கேள்வி. ஆயினும் அவ்வாண்டு கோடையில் பிடித்த முதல் மழைநீரில், அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 3.7 என்று வந்தது. மாசற்ற மழைக்கு இது ஏறத்தாழ 5.6 இருக்க வேண்டும். ஒரு புள்ளி குறைந்தால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடும் என்பதால், அந்த மழை இயல்பைவிட எண்பது மடங்கு புளித்திருந்தது. நிலக்கரி மின்நிலையங்களின் புகைபோக்கிகளிலிருந்து வந்த கந்தக டை ஆக்சைடு காற்றில் நெடுந்தூரம் பயணம் செய்து, ஆலை எதுவும் இல்லாத அந்தக் காட்டில் கந்தக அமிலமாக இறங்கிக்கொண்டிருந்தது.

மழையின் அமிலம் ஆண்டுக்கு ஆண்டு மாறியதைக் காட்டும் இந்த வரைகோட்டைச் சற்று நிதானமாகப் பாருங்கள், எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. இதிலிருந்து மூன்று நான்கு ஆண்டுகளை மட்டும் வெட்டியெடுத்தால், ஓர் இடத்தில் மழை மோசமாகிறது என்றும், மற்றோர் இடத்தில் தேறுகிறது என்றும் தோன்றும். அமிலம் உண்மையாகவே குறைகிறது என்று உறுதியாகச் சொல்ல ஏறத்தாழ 18 ஆண்டுகளின் அளவீடு தேவைப்பட்டது. பெரும்பாலான ஆராய்ச்சி நிதி மூன்று ஆண்டுகளில் முடிந்துவிடுகிறது என்பதை நினைக்கும்போது, வாரந்தவறாமல் பனியிலும் மழையிலும் புட்டி நிரப்பியவர்களின் மேல் எனக்குப் பெரும் மரியாதை எழுகிறது.

1990-இல் அமெரிக்கா தூய காற்றுச் சட்டத்தைத் திருத்தி, மின்நிலையங்களின் கந்தக வெளியேற்றத்துக்கு உச்சவரம்பு விதித்தது. மழையின் அமிலம் குறைந்தது; ஓடையோ எதிர்பார்த்த அளவுக்குத் தேறவில்லை. அதற்கான காரணத்தை லைக்கன்ஸும் சார்லஸ் டிரிஸ்கோலும் டொனால்டு பூசோவும் 1996-இல் வெளியிட்டார்கள். பல்லாண்டுகளாகப் பெய்த அமிலம் மண்ணிலிருந்த கால்சியத்தைக் கரைத்து ஓடை வழியே வெளியேற்றிவிட்டது. அமிலத்தைத் தணிக்கும் அந்தச் சேமிப்பு தீர்ந்தால் அலுமினியம் கரைந்து நீரில் கலக்கும். அது மீன்களின் செவுளில் படிந்து அவற்றை மூச்சுத் திணறச் செய்யும். பாறை சிதைந்து புதிய கால்சியம் ஊறுவது மிக மெதுவான வேலை.

இழந்ததைத் திருப்பிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று பார்க்க, 1999 அக்டோபரில் சுமார் 12 ஹெக்டேர் கொண்ட முதலாம் நீர்ப்பிடிப்புப் பகுதியின் மேல் வொல்லாஸ்டனைட் என்னும் கால்சியம் சிலிகேட் கனிமத்தை உருண்டைகளாக்கி ஹெலிகாப்டரிலிருந்து தூவினார்கள். சர்க்கரை மேப்பிள் மரங்கள் செழித்தன. ஓடையின் அமிலமும் தணிந்தது. பத்தாண்டுகளுக்குப் பின்னரோ, யாரும் எதிர்பாராத வகையில், அதே ஓடையில் நைட்ரேட் என்னும் நைட்ரஜன் சத்து கூடத் தொடங்கியது. அதுவரை நைட்ரஜனைத் தன்னிடம் தேக்கி வைத்த காடு அதை வெளியே விட ஆரம்பித்திருந்தது. கால்சியம் தூவிய ஐந்தாம் ஆண்டில் அளவீட்டை நிறுத்தியிருந்தால், இந்தச் சோதனை முழு வெற்றி என்றே பதிவாகியிருக்கும்.