ஈயச்சொம்பும் இரண்டு கெல்வினும்

நேயர்களுக்கு வணக்கம். எம்ஆர்ஐ இயந்திரத்துக்குள் படுத்து எழுந்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். அதற்குள் ஒரு கம்பிச்சுருள் திரவ ஹீலியத்தில் குளிர்ந்துகிடக்கிறது, மின்தடை துளியும் இல்லாமல். அதுதான் மீகடத்தி. அணுக்களின் காந்தத்துக்கும் இதற்கும் ஆகாது என்றே நெடுங்காலம் நினைத்திருந்தோம்.

குரோமியம் ஆர்சனைடு என்று ஒரு படிகம். வீட்டு ஐஸ்பெட்டியின் உறைபெட்டியில் வைத்தாலே காந்த ஒழுங்குக்கு வந்துவிடும். ஆனாலும் இரும்பு கண்டால் ஒட்டாது. லிட்டில் இந்தியாவில் கடைவீடுகளின் பின்புறம் சுருள் படிக்கட்டு பார்த்திருப்பீர்களே, அதுபோல ஒவ்வோர் அணுவின் காந்தமும் சற்றே திரும்பித் திரும்பி நிற்பதால் மொத்தத்தில் ஒன்றையொன்று தீர்த்துவிடுகின்றன. இதைச் சுமார் 8,000 வளிமண்டல அழுத்தத்தில் நெருக்கினால் அந்த ஒழுங்கு குலைந்து, 2 கெல்வின் வாக்கில், அதாவது சுழியத்துக்குக் கீழே சுமார் 271 டிகிரி செல்சியஸில், மீகடத்தியாகிறது. 2014இல் கண்டது இது. பிரஷர் குக்கர் கூடுதலாகத் தருவது ஏறக்குறைய ஒரு வளிமண்டலம்தான். ஆழ்கடலின் அடியில்கூட 1,100தான்.

அந்த அழுத்தத்தைக் கொடுக்கும் கருவி இதுதான்: பெரிலியம் செம்பு உருளை, அதற்குள் டெஃப்லான் குப்பி, எண்ணெய், ஒரு மில்லிமீட்டர் படிகம், மின்தடை அளக்க நான்கு தங்கக் கம்பிகள். பிஸ்டனை அழுத்தி மரையை இறுக்குவோம். குளிரும்போது எண்ணெய் சுருங்கி அழுத்தம் இறங்கிவிடும், அதனால் வெளியே பார்த்த அளவை நம்பக்கூடாது. உள்ளேயே ஒரு துண்டு காரீயம் வைக்கவேண்டும். காரீயம் 7.2 கெல்வினில் மீகடத்தியாகும்; அழுத்தம் ஏற ஏற அந்த வெப்பநிலை கீழே இறங்கும். எவ்வளவு இறங்கியது என்பதே உள்ளிருக்கும் அழுத்தத்தின் அளவு.

இப்போது வெள்ளீயம். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு இருக்கிறதே, அதே உலோகம். இந்தப் படிகத்தை உருக்கிய வெள்ளீயத்தில்தான் வளர்க்கிறார்கள். சூடாக இருக்கும்போதே சுழற்றி வடித்து, மிச்சத்தை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கழுவவேண்டும். கழுவினாலும் மயிரிழைப் படலம் தங்கிவிடலாம். வெள்ளீயம் 3.7 கெல்வினில் தானே மீகடத்தி! இரு முனைகளுக்கும் நடுவே அந்தப் படலம் பாலம் போட்டுவிட்டால் மின்தடை சுழியம் என்று கருவி காட்டும். படிகத்துக்கோ அதில் பங்கே இல்லை. மின்தடை சுழியம் என்பது மட்டும் சான்று ஆகாது. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். 0.1 டெஸ்லா காந்தப்புலம் கொடுத்துப் பாருங்கள். கட்டி வெள்ளீயம் 0.03 டெஸ்லாவிலேயே மீகடத்தலை இழந்துவிடும், குரோமியம் ஆர்சனைடு தாக்குப்பிடிக்கும். இன்னொன்று: அழுத்தமே இல்லாதபோதும் மின்தடையில் அந்தச் சரிவு தெரிந்தால், அது வெள்ளீயம்தான்.

அழுத்தமில்லாமல் குளிரவைப்பதிலும் ஓர் ஆபத்து. காந்த ஒழுங்கு வரும் கணத்தில் படிகத்தின் ஒரு பக்கம் 3 சதவீதத்துக்கும் மேல் திடீரென நீளும். படிகம் வெடிக்கும், கம்பி கழன்றுவிடும்.

காந்தம் மறையும் விளிம்பில் அதன் நடுக்கமே எலெக்ட்ரான்களை இணைசேர்த்து மீகடத்தலைத் தருகிறது என்பது பலரின் கருத்து. அதை விளக்கலாம் என்றிருந்தேன், நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். யுரேனியம் ஜெர்மேனியம் சேர்மத்தில் 2000ஆம் ஆண்டில் கண்டது இதைவிட வியப்பு: அங்கே காந்தம் மறையவே இல்லை, அதற்குள்ளேயே மீகடத்தல். இதே வகைப் படிகமான மாங்கனீஸ் பாஸ்பைடு மீகடத்தியாக, குரோமியம் ஆர்சனைடைப்போல் பத்து மடங்கு அழுத்தம் வேண்டும், இந்த உருளை தாங்காது. நன்றி, வணக்கம்.